ஐப்பசிச் சந்தையில் கொல்லிமலை விளைபொருள்

கொல்லிமலை உழவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஐப்பசியில் ஒரு நாள் நாமக்கல் அல்லது இராசிபுரம் உழவர் சந்தைக்குப் போய் வாருங்கள். விளைச்சலை வீட்டிலேயே வைத்துவிட்டு, கையில் ஒரு பையும் இருநூறு ரூபாயும் மட்டும் எடுத்துச் செல்லுங்கள். விற்பவராகப் பல முறை மலை இறங்கியிருப்பீர்கள். வாங்குபவராக நின்று பார்த்தவர்கள் நம்மில் மிகச் சிலரே.

சோளக்காட்டில் வாழைத்தாரையும் பழக் குவியலையும் வியாபாரி ஒரே பார்வையில் மதிப்பிட்டு விலை சொல்லிவிடுகிறார். நல்லதும் சொத்தையும் அந்த ஒரே விலையில் போய்விடுகின்றன. உழவர் சந்தையில் அப்படி இல்லை. வீட்டிற்கு வாங்க வரும் அம்மையார் ஒவ்வொரு காயையும் கையில் எடுத்துப் பார்க்கிறார், அழுத்துகிறார், மோந்து பார்க்கிறார், பிடிக்காததைத் திரும்ப வைத்துவிடுகிறார். நாள் முடிவில் தட்டில் மிஞ்சிக் கிடப்பது எது என்று கவனியுங்கள். அடிபட்டது, ஈரத்தோடு பறித்தது, முற்றாமல் பறித்தது ஆகிய மூன்றுமே பெரும்பாலும் அங்கே கிடக்கும். இம்மூன்றும் மலையிலேயே நேர்ந்த குறைகள். ஆகவே மலையிலேயே நீக்கவும் கூடியவை.

உழவர் சந்தை விலை எப்படி அமைகிறது?

உழவரே நேரில் விற்கும் சந்தைகள் பஞ்சாபில் 1987இல் ‘அப்னி மண்டி’ என்ற பெயரிலும், ஆந்திரத்தில் 1999 ஜனவரியில் ‘ரைத்து பஜார்’ என்ற பெயரிலும் ஏற்பட்டன. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. இங்கு தரகு இல்லை. கடைக்கு வாடகை இல்லை. தராசும் சந்தையிலேயே கிடைக்கும். அன்றைய விலை காலையிலேயே பலகையில் எழுதப்படும். மொத்த விற்பனை விலையைவிட ஏறக்குறைய 20 சதம் கூடுதலாகவும், வெளிக்கடைச் சில்லறை விலையைவிட 15 சதம் குறைவாகவும் இருக்குமாறு விலை வைப்பது இதன் நோக்கம்.

இதைக் கேட்டவுடன் உள்ளதையெல்லாம் மூட்டை கட்டிப் புறப்பட வேண்டாம். முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவரிடம் 40 கிலோ கொய்யா இருப்பதாகவும், மொத்த விலை கிலோ 20 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். மண்டியில் 800 ரூபாய்; தரகு பத்து சதம் என்றால் கைக்கு வருவது 720 ரூபாய். உழவர் சந்தையில் கிலோ 24 ரூபாய் வீதம் 960 ரூபாய். மிச்சம் 240 ரூபாய். போக வரப் பேருந்துக் கட்டணம், சுமைக் கூலி, சாப்பாடு, அன்றைய நாள் கூலி இத்தனையும் இந்த 240 ரூபாயில் அடங்குமா? அடங்காது. விற்காமல் நிற்கும் பழத்தை மலைக்குத் திரும்பக் கொண்டுவரவும் முடியாது. எனவே தனியாளாக ஒரே பொருளைச் சிறு அளவில் கொண்டுபோவது வீண் அலைச்சல் என்றே சொல்வேன். சமவெளியில் சந்தைக்குப் பக்கத்துக் கிராமத்தார் கீரைக்கட்டோடு மிதிவண்டியில் வந்துவிடுவார்கள். நமக்கோ காரவள்ளி அடிவாரத்தை அடைய 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும்.

அதே கணக்கை நான்கு குடும்பங்கள் சேர்ந்து போட்டால் நிலைமை மாறுகிறது. 160 கிலோவிற்கு மிச்சம் 960 ரூபாய். வண்டி ஒன்றே, இறங்கும் ஆட்கள் இருவரே. ஆனால் உழவர் சந்தையில் அடையாள அட்டை உள்ளவர் தம் விளைபொருளை விற்பதே விதி. ஆதலால் மகளிர் குழு அல்லது உற்பத்தியாளர் குழுவின் பெயரில் இடம் பெறும் வழி உண்டா என்று சந்தையின் நிர்வாக அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தப் பருவத்தில் எதை இறக்கலாம்?

அன்னாசியின் பெரும் வரத்து ஆடி, ஆவணியில் முடிந்துவிடுகிறது. பின்தங்கி வரும் காய்களை அடிப்பாகத்தில் மூன்றில் ஒரு பங்கு மஞ்சள் ஏறிய பின்னரே வெட்ட வேண்டும். வெட்டிய அன்னாசி நிறம் மாறுமே தவிர இனிப்பு ஏறாது. பச்சையாக வெட்டி வீட்டில் ‘பழுக்க’ வைத்ததை வாங்கிச் சென்றவர் அடுத்த வாரம் உங்கள் தட்டுக்கு வரமாட்டார்.

கொய்யாவில் மழைக்காலக் காய்ப்பு சற்று நீர்த்த சுவை உடையது. பழ ஈயின் தாக்குதலும் அதிகம். பழத்தின் மேல் ஊசி குத்தியதுபோல் புள்ளி தெரிந்தால் உள்ளே புழு இருக்கலாம். அப்படிப்பட்டதைத் தயங்காமல் ஒதுக்குங்கள். ஒதுக்கியதை மரத்தடியில் எறியாமல் ஆழமாகப் புதைத்துவிட்டால் அடுத்த காய்ப்பில் ஈயின் தொல்லை குறையும். கரும்பச்சை மாறி வெளிர்பச்சை ஆகும் தருணமே பறிக்கும் பக்குவம். அதன் பிறகு இரண்டு மூன்று நாட்களே தாங்கும் என்பதால் சந்தைக்கு முந்திய நாள் பறிப்பதே சரி.

அடிவாரச் சரிவுகளில் கிடைக்கும் சீத்தாப்பழத்தில் கண்களுக்கு இடையே உள்ள பள்ளம் விரிந்து வெளிர்மஞ்சள் தெரிந்தால் பறிக்கலாம். சந்தையில் இப்பழத்திற்குக் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “ஏனுங்க, இது எப்பப் பழுக்கும்?” அதற்கு, “இந்தப் பக்கம் இருக்கறது இன்னைக்கே சாப்பிடலாமுங்கம்மா, அந்தக் கூறு நாளன்னைக்குத்தான் ஆகும்” என்று பிரித்துச் சொல்லக்கூடியவரிடம் இரண்டு கூறும் விற்றுப்போகும். மொத்தமாகக் கலந்து வைத்திருப்பவர் “எல்லாம் நல்ல பழந்தானுங்க” என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

வாழைக்கு இது நல்ல காலம். புரட்டாசியில் ஆயுத பூசை, ஐப்பசியில் தீபாவளி, கார்த்திகையில் தீபமும் ஐயப்பன் மாலை அணிவோரின் பூசையும் எனத் தொடர்ந்து தேவை இருக்கிறது. மலைவாழையைக் காயின் விளிம்புக் கோணங்கள் மழுங்கி உருண்டு வரும் நிலையில் வெட்டுங்கள். குளிர்ந்த பருவத்தில் புகை மூட்டம் 48 மணி நேரம் வரை தேவைப்படலாம். அவசரத்திற்குக் கார்பைடு கல் வைப்பது நாடு முழுவதும் சட்டப்படி தடை செய்யப்பட்டது. 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளிலும் இத்தடை உள்ளது. கல் வைத்த பழம் தோல் மஞ்சளாக இருந்தாலும் உள்ளே பழுத்திருக்காது. நகரத்து மக்கள் இதை நன்றாகவே கண்டுபிடிக்கிறார்கள்.

கமலா ஆரஞ்சு வைத்திருப்பவர்கள் கார்த்திகைக் கடைசி வரை பொறுக்கலாம். இழுத்துப் பறித்தால் காம்படி கிழிந்து அழுகும். சிறு காம்போடு கத்தரித்து எடுங்கள்.

இனிச் சாமை. சடஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, மல்லியசாமை என நம் மலையில் பல வகைகள் இருந்தும், மரவள்ளி பரவிய பின் சாமை விதைத்த நிலம் வெகுவாகச் சுருங்கிவிட்டது. உரலில் குத்தும் பாடு பெண்கள் தலையில் விழுந்ததும் இதற்கு ஒரு காரணம். 2023ஆம் ஆண்டு உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்ட பின் நகரங்களில் சாமை அரிசியைக் கேட்டு வாங்குவோர் பெருகியுள்ளனர். கொய்யாக் கணக்கில் வராத மிச்சம் இதில் வரக்கூடும். ஏனெனில் இது அழுகாது, வளைவுகளில் நசுங்காது, விற்காததைத் திரும்பவும் எடுத்து வரலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. உமி நீக்கிய சாமையில் தவிட்டு எண்ணெய் இருப்பதால் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். தானியத்தை 12 சத ஈரப்பதத்திற்கு மேல் போகாமல் காயவைத்து உமியோடு சேமித்து, சந்தைக்கு வேண்டிய அளவை மட்டும் அவ்வப்போது அரைத்துக் கொள்க. பழம் விற்கும் தட்டில் இதை வைத்து விற்க அனுமதி உண்டா என்பதையும் அதே அலுவலரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

பறிப்பும் கட்டுமானமும்

ஐப்பசி மழையில் நனைந்த பழத்தைப் பறித்தவுடன் கட்டாதீர்கள். பனியும் ஈரமும் உலர்ந்த பின் பறித்து, நிழலில் பரப்பி, வயலிலேயே மூன்றாகத் தரம் பிரியுங்கள்: பெரியது, நடுத்தரம், வீட்டிற்கும் மாட்டிற்கும் ஆவது. சாக்கு மூட்டை வேண்டவே வேண்டாம். மேல் மூட்டையின் பாரம் ஒவ்வொரு வளைவிலும் கீழ்ப் பழத்தை அரைத்துவிடும். 20 கிலோ கொள்ளும் பிளாஸ்டிக் பெட்டியில் அடியிலும் ஓரங்களிலும் காய்ந்த வாழைச் சருகை வைத்து அடுக்கினால் சேதம் பெரிதும் குறையும். சருகிற்குச் செலவு ஏதுமில்லை.

வியாபாரியிடம் முன்பணம் பெற்றவர்கள் என்ன செய்வது என்று வாழவந்தி நாடு, வளப்பூர் நாட்டுப் பக்கங்களில் கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. மருத்துவச் செலவிற்கும் கல்யாணத்திற்கும் அவசரத்தில் கை கொடுத்தவரை ஒரே நாளில் உதறிவிட முடியாது. உதறச் சொல்வதும் பொறுப்பாகாது. பேசி முடித்த தோப்பை அவருக்கே விடுங்கள். வாக்கிற்கு வெளியே இருக்கும் நாலு கொய்யா மரம், வேலியோர வாழை, வீட்டிலுள்ள சாமை இவற்றைக் கொண்டு இந்த ஆண்டு தொடங்கலாம். அதில் வரும் பணத்தைத் தனியே எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு முன்பணம் எவ்வளவு குறைவாக வாங்கினால் போதும் என்பதை அந்தக் கணக்கு காட்டும்.

அடையாள அட்டைக்குப் புகைப்படத்துடன் நிலச் சிட்டா, அடங்கல் நகல்களையும் எடுத்துச் செல்லுங்கள். அலுவலர்கள் பயிரை நேரில் பார்வையிட்ட பிறகே அட்டை வழங்குவது வழக்கம். மலைக்கு அவர்கள் வந்து போக நாளாகும். ஆகையால் ஐப்பசிக்கு அட்டை வேண்டுவோர் ஆடியிலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது.