ஆறு நிமிட நடைச் சோதனைக்குப் போகிறீர்களா?

சிஓபிடி போன்ற நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களை, 30 மீட்டர் நீளச் சமதளத்தில் 6 நிமிடம் நடக்கவைத்து, எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று அளப்பார்கள். பயப்பட வேண்டாம். ஆனால் இவற்றைக் கவனியுங்கள்.

1. கடந்த ஒரு மாதத்துக்குள் மாரடைப்பு வந்திருந்தாலோ, சும்மா இருக்கும்போதே நெஞ்சு வலித்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த நிலையில் இந்தச் சோதனை கூடாது. மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம், தயவுசெய்து மறைக்காதீர்கள்.

2. வழக்கமான மாத்திரை, இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். அன்றாடம் உங்களால் எவ்வளவு நடக்க முடிகிறது என்றுதான் பார்க்கிறார்கள். கைத்தடி பிடித்து நடப்பவர் அதையும் கொண்டுபோகலாம்.

3. லேசாகச் சாப்பிடுங்கள். வயிறு முட்டினால் மூச்சு முட்டும்.

4. நகப்பூச்சை அழித்துவிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் தவறாகக் காட்டலாம்.

5. முன்னதாகவே போய், 10 நிமிடமாவது உட்காருங்கள். படியேறிய படபடப்பில் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் கூடுதலாகக் காட்டும். ஓய்வுக்குப் பிறகும் துடிப்பு 120ஐத் தாண்டினால், சோதனை நடத்தலாமா என்று மருத்துவர்தான் முடிவுசெய்வார்.

6. ஓடாதீர்கள், பேசாதீர்கள். மூச்சு வாங்கினால் நின்று சுவரில் சாய்ந்துகொள்ளுங்கள். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்தான், ஆனாலும் நிற்க உங்களுக்கு அனுமதி உண்டு.

7. நெஞ்சுவலி, தாங்க முடியாத திணறல், தள்ளாட்டம், கால் பிடிப்பு, திடீர் வியர்வை இவற்றில் எது வந்தாலும் உடனே சொல்லுங்கள். ஆக்சிஜன் அளவு 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், நீங்கள் சொல்லாவிட்டாலும் நிறுத்த வேண்டும் என்பது விதி.