சைக்கிள் விபத்து: அறிய வேண்டிய ஐந்து சூழல்கள்



பள்ளிக்கூடத்துக்கும் மக்தபுக்கும் நம் பிள்ளைகள் பலர் சைக்கிளில்தான் போய் வருகிறார்கள். அடிபட்டு வந்தால் "நஸீப்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, பிறகு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். சைக்கிள் விபத்துகளும் சில சூழல்களிலேயே திரும்பத் திரும்ப நேருகின்றன. அவற்றை அறிந்தால் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

1. சந்து முனை: சந்திலிருந்து மெயின் ரோட்டுக்கு நிற்காமல் வருவது. மதில் மறைப்பதால் ஓட்டுநருக்குப் பிள்ளை தெரியாது. முனையில் பிரேக் பிடித்து, காலை ஊன்றி, வலம், இடம், மறுபடி வலம் பார்க்கப் பழக்குங்கள்.

2. மக்ரிபுக்குப் பின்: விளக்கில்லாத சைக்கிளும் கறுப்பு உடையும் நெருங்கிய பிறகே கண்ணில் படும். முன்னால் விளக்கும் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரும் பொருத்துங்கள்.

3. கார் கதவு: நிற்கும் காரின் கதவு திடீரெனத் திறந்தால் சைக்கிள் மோதி நடுரோட்டில் விழும். காரில் இருப்பவர் கதவுக்குத் தூரமாக உள்ள கையால் திறக்கட்டும். உடல் தானாகத் திரும்பும், பின்னால் வருபவர் தெரிவார்.

4. பஸ், லாரியின் இடப்பக்கம்: அங்கே நிற்பவர் டிரைவருக்குத் தெரியாது. வண்டி இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் உள்ளே நெருங்கி வரும். பக்கத்தில் நிற்காமல் பின்னாலேயே நிற்க வேண்டும்.

5. கேரியரில் குழந்தை: குதிகால் சக்கரக் கம்பிக்குள் சிக்கும். மேலே சிறு காயமாகத் தெரிந்தாலும் உள்ளே சதை நசுங்கியிருக்கலாம். மஞ்சள், காபித்தூள் வைக்காமல் தண்ணீரில் கழுவி டாக்டரிடம் காட்டுங்கள். கால் வைக்க இடமும் சக்கரத்துக்கு மறைப்பும் இல்லாமல் ஏற்ற வேண்டாம். துப்பட்டா, புர்காவின் நுனியையும் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

தலையில் அடிபட்டவருக்கு வாந்தி, மயக்கம், உளறல் இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

பிள்ளைகளை மட்டும் எச்சரித்தால் போதாது. ஜும்ஆவுக்கு அவசரமாக வந்து ரோட்டை அடைத்து வண்டி நிறுத்துவதும், வீடு கட்டும் மணலைத் தெருவில் கொட்டி வைப்பதும் நாம்தான். அவற்றைச் சுற்றிக்கொண்டு பிள்ளை நடுரோட்டுக்கு வருகிறான். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று ஹதீஸில் படிக்கிறோம். அதை நம் வாசலிலிருந்தே தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.