தையல் மிஷின், தோட்டம், கோழி: மூன்றையும் ஒரே வீட்டில் நடத்துவதற்கு

பிட் துணிகளை இணைத்து மிஷினில் போர்வை தைக்கும் பெண்கள் பலருக்கு வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தியும் ஏழெட்டு நாட்டுக்கோழியும் இருக்கும். மூன்றும் சேர்ந்தால் நேரம் போதவில்லை என்பதுதான் அவர்கள் சொல்லும் குறை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரும்பாலும் நேரம் போதும். வேலைகளின் வரிசைதான் தப்பாக இருக்கிறது. கோழிக்குப் பசித்தால் பசித்ததுதான். வெயில் ஏறி நாற்று துவண்ட பிறகு ஊற்றும் தண்ணீர் காலையில் ஊற்றியதற்கு ஈடாகாது. துணி மட்டும்தான் காத்திருக்கும். பாதி தைத்த போர்வையை மூன்று நாள் மடித்து வைத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆகவே உயிருள்ளவற்றுக்கு நேரத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியைத் துணிக்குக் கொடுங்கள். கீழே உள்ள எல்லாமே இதிலிருந்து கிளைத்தவை.

செய்ய வேண்டியவை

விடிந்ததும் முதல் வேலை வெளியில்தான். கூண்டைத் திறப்பது, தண்ணீர்த் தொட்டியைக் கழுவி மாற்றுவது, தீனி வைப்பது, பாத்திக்குத் தண்ணீர் விடுவது, காய் பறிப்பது எல்லாம் வெயில் ஏறுமுன் முடிந்துவிட வேண்டும். மாலையில் பொழுது சாயும்போது கோழிகள் தாமாகவே அடைந்துவிடும். எண்ணிப் பார்த்துக் கதவைச் சாத்துவது மட்டும் நம் பொறுப்பு. இந்த இரண்டு வேளையும் எந்த ஆர்டருக்காகவும் தள்ளிப்போகக் கூடாது. ஒரு நாள் கதவு சாத்த மறந்தால் கீரிக்கும் காட்டுப்பூனைக்கும் அது போதும்.

போர்வை வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். துண்டுகளை இணைக்கும் வேலையை இடையிடையே விட்டு எழலாம். மேல்துணி, பஞ்சு விரிப்பு, அடித்துணி மூன்றையும் சேர்த்து அடிக்கும் வேலையை அப்படி விட்டு எழ முடியாது. பாதி வரியில் நிறுத்தி எழுந்தால் அடுக்கு நகர்ந்து அடியில் சுருக்கம் விழும். ஆகவே முதல் வகையைச் சமையலுக்கும் தோட்டத்துக்கும் இடையில் கிடைக்கும் அரைமணி நேரங்களில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வகைக்குப் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை என்று தொடர்ச்சியான பொழுது வேண்டும். கணக்கும் எளிதுதான். ஆறரை அங்குலச் சதுரமாக வெட்டி, கால் அங்குலம் விட்டுத் தைத்தால், இணைத்த பிறகு ஆறு அங்குலம் நிற்கும். வரிசைக்கு ஆறு சதுரம், எட்டு வரிசை என்றால் 36-க்கு 48 அங்குலத்தில் ஒரு தொட்டில் போர்வை. நாளுக்கு ஒரு வரிசை தைத்தாலும் எட்டே நாளில் மேல்துணி தயார். கட்டில் போர்வையில் தொடங்குகிறவர்களுக்குத்தான் தோட்டமும் கோழியும் இடைஞ்சலாகத் தெரியும்.

மிஷினை முற்றம் பார்த்த சன்னலோரம் போடுங்கள். பருந்து வட்டமிட்டால் கோழி எழுப்பும் சத்தமே வேறு. முட்டையிட்டுவிட்டுக் கொக்கரிப்பது போலிருக்காது. சட்டென்று ஒரு குரல், அடுத்த நொடி எல்லாக் கோழியும் புதருக்குள் இருக்கும். மோட்டார் ஓடும்போது அந்தச் சத்தம் காதில் விழாமல் போகலாம், கண்ணில் படும். ஆனால் கூண்டு அதே சன்னலுக்கு நேரே இருக்கக் கூடாது. இறகுத் தூளும் எச்சத்தின் நெடியும் காற்றோடு உள்ளே வந்து பஞ்சில் படியும். முற்றம் கண்ணுக்கு எட்ட வேண்டும், கூண்டு மூக்குக்கு எட்டக் கூடாது.

ஆடி மாதத்தை முழுதாகப் பயன்படுத்துங்கள். இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க் காலக்கணக்கு மூன்று வேலையையும் முன்பே பிரித்து வைத்திருக்கிறது. ஆடியில் கல்யாணம் இல்லை, ரவிக்கைத் தையல் குறைவு, கை காலியாக இருக்கும். அதே மாதம்தான் ஆடிப்பட்டம். வெண்டை, கொத்தவரை, அவரை, புடலை, பீர்க்கை நேரடியாக ஊன்றலாம். கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்று விடலாம். வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும். கத்தரி நாற்று பிடுங்கி நட்டு இரண்டு மாதம் ஆகும்போது ஐப்பசி நெருங்கியிருக்கும். அதாவது தீபாவளித் தையல் நெருக்கும் நாட்களில் தோட்டம் உங்களிடம் கேட்பது பறிக்கும் வேலையை மட்டும்தான். கொத்துவதும் நடுவதும் முன்பே முடிந்திருக்கும். ஆடித் தள்ளுபடியில் அடித்துணியும் வாங்கி வைத்துவிடலாம். ஈரோட்டுப் பக்கம் இருப்பவர்களுக்குச் சென்னிமலைக் கைத்தறி விரிப்புகள் இருக்கின்றன. அகலம் தாராளமாக இருப்பதால் நடுவில் ஒட்டுப்போடாமலே அடித்துணியாகும். மாரியம்மன் கோயில் பொங்கல் வைக்கும் ஊர்களில் நாட்டுச் சேவலுக்குக் கேட்பு ஏறுவதும் ஆடியில்தான். இதற்கு மாறாக, புரட்டாசியில் பல வீடுகளில் அசைவம் கிடையாது. சேவலை விற்க அந்த மாதம் வரை வைத்திருப்பது தீனிக்கு நஷ்டம்.

அடை வைப்பதைத் தைக்குத் தள்ளி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குஞ்சு நனைந்தால் தேறுவது கடினம். அந்த நாட்களில் உங்கள் கையும் ஓயாது. பொங்கல் முடிந்து அடை வைத்தால் 21-ஆம் நாள் குஞ்சு வெளிவரும். ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து, எட்டு வாரம் ஆனதும் இறக்கைக்கடியில் ஊசி. கோடையில் ஊர் ஊராகக் கோழிகளைக் கொண்டுபோகிற நோய் இது. 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தருகே கண்டறிந்ததால் உலகம் அதை நியூகாசில் நோய் என்கிறது. நம் நாட்டில் மலையூரான இராணிக்கேத்தின் பெயரால் வழங்குகிறது. வந்துவிட்டால் மருந்து கிடையாது, வருமுன் காப்பது மட்டும்தான் வழி. அரசு கால்நடை மருந்தகத்தில் முகாம் தேதியைக் கேட்டு நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். தடுப்பு மருந்தைக் கொண்டுவரும்போது ஐஸ் வைத்த பிளாஸ்க் வேண்டும். இரண்டு முதல் எட்டு டிகிரிக் குளிரில் இருக்க வேண்டிய மருந்து அது. கலக்கிய பின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்காவிட்டால் பயனில்லை.

கந்தல் துணிக்குக் கோழிக்குஞ்சு வழியாக ஒரு பயன் உண்டு. பழைய பானைக்குள் கிழிந்த கோணி, காய்ந்த சாணம், நைந்த பருத்தித் துணி, ஓலை ஆகியவற்றைத் திணித்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, மாலையில் வெளியே மண்ணில் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலை உள்ளே கரையான் மொய்த்திருக்கும். குஞ்சுகள் ஓடிவந்து தின்னும். கடையில் வாங்கும் எந்தத் தீனியும் தராத சுறுசுறுப்பு அவற்றுக்கு இதில் வரும். பானை வீட்டுச் சுவருக்கும் மர நிலைக்கும் எட்டத்தில் இருக்கட்டும்.

அறுவடை முடிந்த பாத்திக்குள் கோழியை விடுங்கள். மண்ணைக் கிளறிக் கூட்டுப்புழுவையும் வெட்டுக்கிளி முட்டையையும் பொறுக்கிவிடும். அடுத்த விதைப்புக்கு ஒரு வாரம் முன்னால் வெளியேற்றிவிட்டு வேலியைக் கட்டிவிட வேண்டும். நாற்று வேர் பிடிக்கும்வரை ஒரு கோழிகூட உள்ளே வரக் கூடாது. ஒரு பெட்டை ஒரு நாற்றங்காலைக் கிளறித் தள்ள அரைமணி நேரம் தேவையில்லை. வேலி ஐந்தடி இருந்தும் தாண்டுகிறது என்றால் ஒரு பக்க இறக்கையின் நீள இறகுகளை மட்டும் நறுக்குங்கள். வலிக்காது, ஆனால் எம்பிப் பறக்கச் சமநிலை கிடைக்காது.

துணியின் ஓரக் கரையைப் பட்டையாகக் கிழித்துத் தக்காளி, கத்தரிச் செடிகளைக் குச்சியோடு கட்டலாம். சணல் போலத் தண்டை அறுக்காது. முடிச்சுக்கு வெளியே தொங்கும் நுனியை ஒட்ட நறுக்கிவிடுங்கள். அதற்குக் காரணம் அடுத்த பகுதியில்.

செய்யக்கூடாதவை

தையல் அறையைப் பெருக்கிய குப்பையை முற்றத்தில் கொட்டாதீர்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். கோழிக்கு நூல் என்றால் புழு. ஒரு நுனியைக் கொத்தி விழுங்கத் தொடங்கினால் முழு நீளமும் உள்ளே போகும். நாக்கின் அடியில் சுற்றிக்கொள்ளும், இரைப்பையில் பந்தாகச் சுருண்டு அடைத்துக்கொள்ளும். இரைப்பை அடைத்த கோழி தீனியிலேயே நின்றுகொண்டு மெலியும். காலில் சுற்றும் நூல் இன்னும் மோசம். நடக்க நடக்க இறுகி விரலுக்கு ரத்தம் போகாமல் வீங்கிக் கறுத்துவிடும். இன்றைய தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர். அது தானாக அறுவதும் இல்லை, மட்குவதும் இல்லை. குண்டூசியும் உடைந்த ஊசி முனையும் பளபளப்பால் கோழியை இழுக்கும். கல்லையும் மணலையும் வைத்துத் தானியத்தை அரைக்கும் கல்லீரல் பக்கத்துத் தசைப்பை, ஊசியையும் அதே வலுவோடுதான் அழுத்தும். முனை சதையைத் துளைத்துவிடும். மிஷினுக்குப் பக்கத்தில் மூடியுள்ள ஒரு டப்பா வையுங்கள், பிசிறு அதற்குள் மட்டும். மூன்று அடுக்கையும் பிடித்து வைக்கக் குண்டூசிக்குப் பதில் ஊக்கு நல்லது. குத்தும்போது எண்ணுங்கள், எடுக்கும்போதும் எண்ணுங்கள். பழைய ஸ்பீக்கரின் காந்தம் கிடைத்தால் தரையில் ஒரு தரம் ஓட்டிவிட்டு எழுங்கள். இரவு கூண்டைச் சாத்தும்போது வாரத்துக்கு இருமுறையாவது விளக்கடித்து ஒவ்வொரு கோழியின் காலையும் பார்த்துவிடுங்கள்.

பருத்தித் துணிதானே என்று எல்லா வெட்டுத் துண்டையும் உரக்குழியில் போடாதீர்கள். துணி மட்கும், அதைத் தைத்த நூல் மட்காது. தையல் இல்லாத பருத்தித் துண்டு மட்டும் குழிக்குப் போகட்டும்.

கோழி எச்சத்தை அப்படியே பாத்தியில் போடாதீர்கள். சூடு அதிகம், வேரைப் பொசுக்கிவிடும். சருகோடு அடுக்கி, ஈரம் காயாமல் புரட்டிவிட்டு, மூன்று மாதமாவது மட்கவிட வேண்டும். அமெரிக்காவின் இயற்கை வேளாண் சான்று விதி, மட்காத கால்நடை எருவைப் போட்டால் மண்ணைத் தொடும் விளைச்சலுக்கு 120 நாளும் மற்றவற்றுக்கு 90 நாளும் இடைவெளி கேட்கிறது. நம் சிறுகீரை மாதத்துக்குள் பறிப்புக்கு வந்துவிடும். கீரைப் பாத்திக்குப் பச்சை எச்சம் ஆகவே ஆகாது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

மிஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நிறைய வீடுகளில் நடப்பது இது. 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் சக்கரம் இறுகி நிற்பதற்குப் பல நேரம் அதுதான் காரணம். உறையாத நாளிலும் பஞ்சுத் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். போர்வை தைக்கும் மிஷினில் பல்லுக்கு அடியில் பஞ்சு சேரும் வேகம் ரவிக்கை தைப்பதைவிட அதிகம். ஒவ்வொரு போர்வை முடிந்ததும் தட்டைக் கழற்றிப் பிரஷ்ஷால் தள்ளுங்கள். ஊசியையும் அப்போதே மாற்றிவிடலாம். பருத்தி அடுக்குக்கு 90/14 எண் சரியாக இருக்கும். மழுங்கிய ஊசி துணியைக் குத்தாமல் உள்ளே தள்ளும், தையல் விட்டு விட்டு விழும்.

கூண்டு கழுவிய உடையோடு மிஷினில் உட்காராதீர்கள். வெளி வேலைக்கு ஒரு பழைய சட்டை, ஒரு செருப்பு தனியாக வாசலிலேயே இருக்கட்டும். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் துணியைத் தொட வேண்டும். நீங்கள் தைப்பது யாரோ ஒரு குழந்தை முகத்தில் போர்த்திக்கொள்ளப் போவது. மண்வேலையில் சொரசொரத்த விரல் பட்டு இழையைப் பிடித்து இழுக்கும் என்பதால், இரவில் எண்ணெய் தேய்த்துப் படுத்துக் காலையில் கழுவிவிடுவது நல்லது.

குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் பல்பைத் தையல் அறையில் மாட்டாதீர்கள். தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி வரை சூடு வேண்டும் என்பது உண்மை. உலர்ந்து பாதுகாப்பாக இருக்கும் அறை என்று பலர் அங்கேயே அட்டைப் பெட்டியில் வைத்து விடுகிறார்கள். பக்கத்தில் அடுக்கி வைத்த பஞ்சு விரிப்பும் துணியும் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். குஞ்சின் மென்தூள் வேறு எல்லாத் துணியிலும் படியும். அடைக்கோழியிடம் விட்டுவிட்டால் பல்பே வேண்டாம்.

துணிக் கத்தரியால் கீரை அறுக்காதீர்கள். கோழி உலவும் இடத்தில் பூச்சிமருந்து தெளிக்காதீர்கள். பனியன் துண்டையும் நெய்த துணியையும் ஒரே போர்வையில் கலக்காதீர்கள். ஒன்று இழுபடும், மற்றது இழுபடாது, முதல் துவைப்பிலேயே கோணிக்கொள்ளும்.

முட்டையை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். நாட்டுப்பெட்டை பத்துப் பதினைந்து முட்டையிட்டதும் அடை படுக்கும்; பிறகு பல வாரம் ஒன்றும் கிடைக்காது. தையல் ஆர்டருக்கு நாள் சொல்லலாம், முட்டைக்குச் சொல்ல முடியாது. அதற்காகக் கோழி எண்ணிக்கையை ஏற்றுவதும் சரியல்ல. மூன்று வேலையும் ஒருவர் கையில் என்றால் ஆறு பெட்டை, ஒரு சேவல் போதும் என்பது என் கருத்து. ராத்தங்கலுக்குக் கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடி என்று கணக்குப் போட்டால் நாலுக்கு நாலடிக் கூண்டில் நெருக்கமில்லாமல் அடையும், கழுவவும் பத்து நிமிடம்தான் ஆகும்.

சந்தையில் வாங்கிய கோழியை அன்றே கூட்டத்தோடு விடாதீர்கள். மூன்று வாரம் தனிக் கூண்டு, தனித் தண்ணீர்ப் பாத்திரம். தீனி வைக்கும்போது பழைய கோழிகளுக்கு முதலில் வைத்துவிட்டுக் கடைசியாகப் புதுக்கோழியிடம் போங்கள். கழிச்சலோ தலைகோணலோ மூச்சிரைப்போ தெரிந்தால் மற்றவற்றின் பக்கம் போகாமல் நேரே கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.