நீராவிக் கனவும் சிக்கனப் பயணமும்

நீராவி இயந்திரங்களையும் விக்டோரியா காலத்து உடைகளையும் கற்பனையில் இணைக்கும் கலைப்பாணியே ஸ்டீம்பங்க். இதன் ஆர்வலர்கள் கூடும் விழா இங்கிலாந்தின் லிங்கன் நகரில் 2009-ஆம் ஆண்டு தொடங்கியது. ஆகஸ்ட் மாதக் கடைசித் திங்கட்கிழமை விடுமுறையை ஒட்டி நடைபெறுவது வழக்கம்.

இதில் பங்கேற்க விரும்பும் வாடிக்கையாளர்கள் உடைக்காகக் கடன் அட்டையைத் தேய்க்க வேண்டியதில்லை. பழைய கோட்டு, பித்தளைப் பொத்தான்கள், பழுதான கடிகாரத்தின் பற்சக்கரங்கள் ஆகியவற்றைக் கொண்டு தம் கையால் செய்த உடைக்கே அங்கு மதிப்பு மிகுதி.

பயணச் செலவே பெரிது. மாதம் ₹5,000 வீதம் 24 மாதங்கள் தொடர் வைப்பில் செலுத்தினால், அசல் மட்டுமே ₹1,20,000 சேரும், வட்டி தனி.

அங்குள்ள கடைகளில் அட்டைக் கருவி ‘ரூபாயா, பவுண்டா?’ என வினவினால், பவுண்டையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தால், பெரும்பாலும் பாதகமான மாற்று விகிதமே கிடைக்கும்.

திட்டமிட்டுச் சென்றால், ஊர் திரும்பியபின் நினைவுகள் மட்டுமே எஞ்சும், தவணைகள் எஞ்சா.