சக்கரத்துக்குள் ஒரு சத்தம்



உருளும் உராய்வு, நழுவும் உராய்வை விடக் குறைவு. அதனால்தான் சக்கரத்தில் பேரிங் வைக்கிறார்கள். இதை நாம் எல்லோரும் அறிவியல் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். அந்தப் பேரிங் கெட்டுப்போனால் என்ன ஆகும்? அதை நான் எங்கள் அப்பாவின் காரில்தான் கற்றுக்கொண்டேன்.

அப்பா ஓட்டுவது பழைய வாடகைக் கார். அது ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். நாலு மாசத்துக்கு முன்னால் இடது முன்சக்கரத்துக்குப் புது பேரிங் போட்டார். போன மாதம் அதே பக்கம் 'ஊங்...' என்று சத்தம் வந்தது. நான் சொன்னதற்கு அப்பா, "புது பேரிங் அதுக்குள்ள போகுமா? டயர் சத்தமா இருக்கும்" என்றார். செலவுக்குப் பயந்துதான் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். கடைசியில் பட்டறை வைத்திருக்கும் என் தாய்மாமாவிடம் வண்டியைக் கொண்டுபோனோம்.

மாமா கண்டுபிடித்த விதம்:

1. ஓட்டிப் பார்த்தார். வேகம் கூடக் கூடச் சத்தமும் கூடியது. கிளட்ச்சை மிதித்தபோது எஞ்சின் சத்தம் இறங்கியது, ஆனால் 'ஊங்' இறங்கவில்லை. அப்படியானால் அது எஞ்சின் இல்லை.

2. வண்டியை வலது பக்கம் வளைத்தார், சத்தம் அதிகமானது. வலது பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் இடது சக்கரத்தின் மேல் சாயும். அதனால் இடது பேரிங் மேல் சந்தேகம்.

3. ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வைத்தார். டயரை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினார். 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தது. என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார். ஆட்டம் நின்றுவிட்டது. "பிரேக் மிதிச்சும் ஆடினா பால் ஜாயின்ட்டைப் பார்க்கணும். நின்னுட்டா பேரிங்தான் பாப்பா" என்றார்.

4. சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே சுருள் ஸ்பிரிங்கைத் தொடச் சொன்னார். மணலை அரைப்பது போல விரலில் 'கரகர'வென்று தெரிந்தது.

மாற்றிய விதம்:

நடு ஆக்சில் நட் ரொம்ப இறுக்கமாக இருக்கும். அதனால் சக்கரம் தரையில் இருக்கும்போதே, பிரேக்கை மிதித்துக்கொண்டு அதை இளக்கினார்கள். பிறகு வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினார்கள். பிரேக் காலிப்பரை ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் கட்டி வைத்தார்கள். டிஸ்க்கை எடுத்து, டை ராடு, பால் ஜாயின்ட் இரண்டையும் பிரித்து, பேரிங் உட்கார்ந்திருக்கும் நக்கிளை வெளியே எடுத்தார்கள். ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து முதலில் ஹப்பைத் தள்ளினார்கள். அடுத்து லாக்கை எடுத்துவிட்டுப் பேரிங்கைத் தள்ளினார்கள்.

பழைய பேரிங் பிரிந்து வந்தது. அதைத் துடைத்து வெயிலில் பார்த்தேன். குண்டுகள் ஓடும் பாதையில் சின்னச் சின்னக் குழிகள். எல்லாம் ஒரே இடைவெளியில் இருந்தன. குண்டுகளை எண்ணினேன், குழிகளையும் எண்ணினேன். கணக்கு ஒன்றாகவே இருந்தது! "மாமா, குண்டுக்கு ஒரு குழியா இருக்கே?" என்று கேட்டேன்.

மாமா அப்பாவைப் பார்த்து, "மாமா, போன தடவை இதைச் சுத்தியலால அடிச்சு ஏத்தினாங்களா?" என்றார். அப்பா மெதுவாகத் தலையாட்டினார். பிரஸ் கூலியை மிச்சம் பிடிக்க அப்பாவே அதற்குச் சம்மதித்திருக்கிறார். இப்போது இன்னொரு பேரிங்குக்கும் கூலிக்கும் பணம் போயிற்று. இரண்டு நாள் வாடகையும் போயிற்று.

இதுதான் நான் கற்ற முக்கியப் பாடம்: பேரிங்கை ஏற்றும்போது அழுத்தம் குண்டுகள் வழியாகப் போகக் கூடாது. நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். ஹப்பை ஏற்றும்போது உள்வளையத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். மாறி அழுத்தினாலோ அடித்தாலோ குண்டுகள் பாதையில் பதிந்து குழி விழும். அந்தப் புது பேரிங் ஓடத் தொடங்கும் முன்பே கெட்டுவிடும்.

மாமா வளையத்துக்குச் சரியான அளவில் ஒரு குழாய்த் துண்டு வைத்து மெதுவாக அழுத்தினார். புது லாக், புது ஆக்சில் நட் போட்டு, கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சால் முறுக்கினார். ஓட்டிப் பார்த்தோம். சத்தம் இல்லை. அப்பா ஒன்றும் பேசாமல் என் தலையில் கை வைத்தார்.

தெரிந்துகொள்வோம்: குண்டு பேரிங்குக்கு 1794-இல் காப்புரிமை பெற்றவர் வேல்ஸ் நாட்டின் பிலிப் வான். அவர் அதைச் செய்தது வண்டிச் சக்கரத்தின் அச்சுக்காகத்தான்! 1883-இல் ஜெர்மனியின் பிரெடரிக் ஃபிஷர், எஃகுக் குண்டுகளை ஒரே அளவில் அரைக்கும் இயந்திரத்தைச் செய்தார். அதன் பிறகு குண்டுகளை ஏராளமாகச் செய்ய முடிந்தது.

தோழர்களே! காரை நாம் கழற்ற வேண்டாம், அது பெரியவர்கள் வேலை. ஆனால் நம் சைக்கிளிலும் குண்டுகள் உண்டு. இன்றே சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வீட்டில் சொல்லுங்கள். "அது ஒண்ணுமில்ல" என்று சொன்னாலும் இன்னொரு தடவை சொல்லுங்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி