தூக்க நோயாளியின் தொழுகை

மணலி ஆலைகளில் இரவு ஷிப்டு முடித்தவர் கண்ணயர்வது வேறு. போதிய அளவு உறங்கியும் பகலில் அடக்க முடியாத தூக்கம் ஆட்கொள்வது வேறு. பின்னது நார்கோலெப்ஸி எனும் நோயாக இருக்கலாம். விழிப்பைக் காக்கும் ஹைப்போக்ரெட்டின் மூளையில் குறைவதே பலருக்கும் காரணம். வீட்டார் இதை ஈமான் குறைவென ஏசுவது தகாது.

ஸப்வான் இப்னு முஅத்தல் (ரலி) அவர்களின் மனைவியார், கணவர் சூரியன் உதித்த பின்பே சுபுஹு தொழுவதாக நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். தம் குடும்பமே அதற்குமுன் விழிக்க இயலாததென்று அறியப்பட்டது என்றார் ஸப்வான். நாயகம் அவர்கள் கடியவில்லை. விழித்ததும் தொழப் பணித்தார்கள். அபூதாவூதில் வரும் செய்தி இது. அவருக்கு இந்நோய்தான் என்று நாம் கூறவில்லை. இயலாமை ஏற்கப்பட்டதே நமக்கு ஆதாரம். அலாரமும் வைக்காமல், எழுப்பவும் சொல்லாமல் படுப்பவர் இதைச் சாக்காக்க வேண்டாம்.

உளூவின் சட்டம்: ஷாபிஈ மத்ஹபில், இருப்பிடம் தரையில் நன்கு பதிந்திருக்க அமர்ந்து உறங்கினால் முறியாது. ஹனபியில், படுத்து உறங்கினால் முறியும். நோயாளர் சிலருக்குச் சிரிக்கையில் உடல் தளர்ந்து சரியும். நினைவு தப்பாததால் அத்தளர்ச்சி மட்டும் உளூவை முறிக்காது. (ஹனபியர் தொழுகைக்குள் வெடித்துச் சிரிப்பது தனி மஸ்அலா.)

லாரி ஓட்டுபவருக்கு இந்நோய் இருப்பின், நரம்பியல் மருத்துவர் அனுமதிக்கும் வரை ஸ்டியரிங்கைத் தொடலாகாது. அது பிறர் உயிர்.