பருத்திக் காய்க்குள் இருக்கும் சிவப்புப் புழு

கேள்வி: சிவகாசிக்குப் பக்கத்தில் எங்கள் கரிசல் காட்டில் பருத்தி போடுகிறோம். காயை உடைத்தால் உள்ளே சிவப்புப் புழு. இது எந்தப் பூச்சியின் புழு? இதற்குப் பெயர் வைத்தது யார்?
- வாசகர், வெம்பக்கோட்டை

பதில்: அது இளஞ்சிவப்புக் காய்ப்புழு. கூட்டுப்புழுவாகிப் பின் சின்ன அந்துப்பூச்சியாக வெளிவரும். இறகை விரித்தாலும் 2 செ.மீ.க்கு மேல் இராது. பழுப்பு முன்னிறகில் கருந்திட்டுகள், வெள்ளிச் சாம்பல் பின்னிறகின் ஓரமெங்கும் நீண்ட மயிர்க்குஞ்சம். பகலில் பதுங்கி இரவில் நடமாடுவதால், புழுவைத் தெரிந்த சம்சாரிகள் பலருக்கும் பூச்சியைத் தெரியாது.

1842இல் குஜராத்தின் பரூச் அரசுப் பருத்தித் தோட்டத்தில் பிடிபட்ட இப்பூச்சி இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டது. அடுத்த ஆண்டே டபிள்யூ. டபிள்யூ. சாண்டர்ஸ் அதை ‘டெப்ரசாரியா காசிபியெல்லா’ என்று பதிவு செய்தார். பிறகு அதை ‘ஜெலிச்சியா’ பேரினத்தில் சேர்த்தார்கள். 1917இல் ஆகஸ்ட் பஸ்க் ‘பெக்டினோஃபோரா’ என்ற தனிப் பேரினத்தையே அமைத்தார். உணர்கொம்பின் முதல் கணுவில் சீப்புப் பல்போல் விறைத்து நிற்கும் மயிர்கள் இதன் அடையாளம். குடும்பம் ஜெலிச்சிடே. இன்றும் நூல்களில் சாண்டர்ஸ் பெயரை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். அவர் வைத்த பேரினம் பின்னால் மாறிவிட்டது என்பதற்கு அதுதான் குறி.

கேள்வி: இங்கே பிடிபட்ட பூச்சி கடல் கடந்தது எப்படி?

பதில்: விதைக்குள் இருந்தபடியே. புழு இரண்டு விதைகளை நூலால் ஒட்டி, நடுவே குடைந்து, மாதக்கணக்கில் உறங்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியப் பருத்தியோடு எகிப்து சேர்ந்தது, 1911இல் எகிப்து விதையோடு மெக்சிகோ, 1917இல் டெக்சாஸ். அமெரிக்கா அதை ஒழித்துவிட்டதாக அறிவித்தது 2018இல்தான்.

இந்தியாவில் 2006இல் வந்த இரட்டை மரபணு பி.டி. பருத்தியையும் இது எதிர்த்து நிற்கப் பழகிவிட்டது. காய்க்குள் புகுந்த பிறகு மருந்து எட்டாது. அதனால் இனக்கவர்ச்சிப் பொறியில் பூச்சி விழத் தொடங்கும்போதே விழித்துக்கொள்ள வேண்டும். இதழ் விரியாமல் ரோஜா மொட்டுபோல் முடங்கிய பூவைக் கண்டால் கிள்ளி அழித்துவிடுங்கள். கடைசி எடுப்பு முடிந்ததும் பருத்திமாரை வீட்டோரம் அடுக்கி வைக்காதீர்கள். அதில் தங்கும் சொத்தைக் காய்களிலிருந்துதான் அடுத்த வெள்ளாமைக்கான பூச்சி கிளம்பும்.